திறமை உண்டு, முதல் எங்கே?



படிக்காதவன் தொழில் நடத்த முடியுமா என்று கேட்கிறார்கள். கோவை ஜி. டி. நாயுடுவைப் பாருங்கள். 1893இல் பிறந்தவர், பள்ளியைப் பாதியில் விட்டவர். ஓட்டல் வேலையில் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றார். 1920இல் பொள்ளாச்சி–பழனிக்கு ஒரே ஒரு பஸ் விட்டார். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

அதற்காகப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தலாமா? கூடவே கூடாது. 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய முன்னின்றவரும் அதே நாயுடுதான். கைவேலை கலவாத ஏட்டுப் படிப்பைத்தான் அவர் எதிர்த்தார்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். முதல் பஸ் வாங்க ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுத்தார். திறமை மட்டும் பஸ் வாங்கித் தராது.

டில்லியில் நமக்குத் திறமைக்கா பஞ்சம்? சித்தாள் வேலை, சமையல், வீட்டு வேலை, ஒர்க்ஷாப் என்று ஒருவரே நாலும் பார்த்திருக்கிறோம். கடைவைக்க வட்டிக்காரனிடம் போனால் லாபம் முழுதும் அவனுக்கே.

2015இல் வந்த முத்ரா திட்டத்தில் ஜாமீன் இல்லாமல் கடன் உண்டு. சிறுதொழில் தொடங்க 50,000 ரூபாய் வரை முதல் படியிலேயே கேட்கலாம். தனியாகப் போனால் அலையவிடுவார்கள். சங்கமாகச் சேர்ந்து போவோம்!

பிள்ளை பத்தாவது முடிக்கட்டும், ஐ.டி.ஐ.யில் கைத்தொழில் கற்கட்டும். முதலுக்கு நாம் போராடுவோம்.