தியாகதுருகம் மலை ஏன் நசுங்கல?

சேலம் ரோட்டுல போனவங்களுக்கு தியாகதுருகம் கோட்டை மலை தெரியும். அவ்வளவு பாறையும் தன் எடையிலேயே ஏன் நசுங்கல? அணுக்களுக்கு இடையே இருக்கிற மின்விசை தாங்குது. மலைக்கு அது போதும், நட்சத்திரத்துக்குப் போதாது.

சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்துல எரிபொருள் தீர்ந்தா, மையம் சுருங்கும். அங்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே அணுவை விட்டுப் பிரிஞ்சுதான் இருக்கும். ஆனா ஒரே நிலையில் ரெண்டு எலக்ட்ரான் இருக்க முடியாது. இந்தக் குவாண்டம் விதி தர்ற அழுத்தம்தான் சுருக்கத்தை நிறுத்துது. அதுதான் வெண்குறுமீன், அதாவது ஒயிட் டுவார்ஃப். அதுல ஒரு டீஸ்பூன் எடுத்தா சில டன் இருக்கும்!

இந்த அழுத்தம் எதுவரைக்கும் தாங்கும்? மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சந்திரசேகர், 1930-ல் 19 வயசுல இங்கிலாந்துக்குப் போற கப்பல்ல இந்தக் கணக்கைப் போட்டார். நெருக்க நெருக்க எலக்ட்ரான்களோட வேகம் ஒளிவேகத்தை நெருங்கும். அப்புறம் அந்த அழுத்தத்தால ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாது. எல்லை, சூரிய நிறையைப் போல சுமார் 1.4 மடங்கு.

பெரிய நட்சத்திரத்தோட மையம் அதைத் தாண்டினா, எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து நியூட்ரான் ஆகிடும். சூரியனைவிட அதிக நிறை, வெறும் 20 கிலோமீட்டர் சொச்சம் குறுக்களவுல! தியாகதுருகமும் கள்ளக்குறிச்சியும் அதுக்குள்ள அடங்கிடும். அதுவும் தாங்கலன்னா கருந்துளைதான்.

1935-ல் லண்டன் கூட்டத்துல, பெரிய விஞ்ஞானி எடிங்டன் எல்லார் முன்னாடியும் இதை மறுத்தார். சந்திரசேகர் கணக்கை மாத்திக்கல. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

அடுத்த முறை அந்த மலை பஸ் ஜன்னல்ல தெரிஞ்சா, அதைத் தாங்குறது எதுன்னு பக்கத்து சீட்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க.