நதியைக் கேள்வி கேட்ட பாடகர்

(சங்கத்தின் இசை ரசிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மனம் கவர்ந்த வாக்கேயக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி பணித்தார். தியாகராஜ ஸ்வாமிகள் அல்லது பாபநாசம் சிவன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது அஸ்ஸாமின் பூபேன் ஹஸாரிகாவைப் பற்றி. தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடியவர். வாக்கேயக்காரர் என்ற பெயர் அவருக்கும் பொருந்தும்.

1976-ல் வங்கி வேலையில் மாற்றலாகி கௌஹாத்தி போனேன். பாஷை தெரியாது. டீக்கடை ரேடியோவில் கனத்த ஆண்குரல் ஒன்று கேட்டது. அலுவலக நண்பர் ஒருவர் பாட்டுக்கு அர்த்தம் சொன்னார். அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை!

1926-ல் ஸதியாவில் பிறந்த ஹஸாரிகா, தாயாரிடம் கேட்டு வளர்ந்தது போர்கீத். சங்கரதேவரும் மாதவதேவரும் அருளிய பக்திப் பாடல்கள். நமக்குத் தேவாரமும் திவ்யப் பிரபந்தமும் எப்படியோ அப்படி. 1939-ல் வந்த 'இந்திரமாலதி' படத்தில் பாடியபோது அவர் சிறுவன். காசி ஹிந்து சர்வகலாசாலையில் எம்.ஏ. முடித்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேதான் கறுப்பினப் பாடகர் பால் ரோப்ஸனைச் சந்தித்தார்.

ரோப்ஸனின் புகழ்பெற்ற பாட்டு 'ஓல் மேன் ரிவர்'. 1927-ல் மேடையேறிய 'ஷோ போட்' இசைநாடகத்தில் வருவது. கூலியாட்களின் துயரத்தைக் கண்டும் காணாமல் ஓடுகிற மிஸிஸிப்பியைப் பற்றியது. ஹஸாரிகா அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. மிஸிஸிப்பி இருந்த இடத்தில், அஸ்ஸாமியர் லுயித் என்று அழைக்கும் பிரம்மபுத்திராவை வைத்தார். அமெரிக்கப் பாட்டில் இருந்த பெருமூச்சு இவரிடம் கேள்வியாயிற்று. இத்தனை ஜனங்கள் கரையில் அழும்போது நீ எப்படிச் சும்மா ஓடுகிறாய் என்று நதியையே நிறுத்திக் கேட்டார். வங்காளியிலும் ஹிந்தியிலும் அது கங்கையாக மாறியது. நதி மாறிற்று, பாஷை மாறிற்று. கேள்வி மட்டும் மாறவில்லை.

"இதெல்லாம் கலப்படம் அல்லவா?" என்று சபா நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சொந்தச் சரக்கு இல்லாதவன் கலந்தால்தான் அது கலப்படம். இவருக்கு வேர் போர்கீத்திலும் பிஹுவிலும் இருந்தது. அதனால்தான் தேயிலைத் தோட்டத்துக் கதையான 'சமேலி மேம்ஸாப்' படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருது பெற்ற அதே மனிதர், 1993-ல் ராஜஸ்தான் பாலைவனத்துக் கதையான 'ருதாலி'க்கும் இசையமைக்க முடிந்தது.

அவரிடம் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. 1960-ல் அஸ்ஸாமில் மொழிக் கலவரம் மூண்டது. அஸ்ஸாமியரும் வங்காளிகளும் ஒருவரையொருவர் கண்டு பயந்த நேரம். ஹஸாரிகா, வங்காளக் கவிஞர் ஹேமாங்க பிஸ்வாஸுடன் கலைக்குழு சேர்த்துக்கொண்டு, இரண்டு மொழிகளிலும் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பாட்டை நம்பிப் புறப்பட எத்தனை தைரியம் வேண்டும்!

நம்மவர்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறோம். முப்பது வருஷம் குடியிருந்தும், கறிகாய்க்காரரிடம் பேரம் பேசுமளவுக்குத்தான் அந்த ஊர்ப் பாஷை தெரியும் என்றால், நமக்கு அந்த ஊர் வெறும் சத்திரம்தானே? மறுபக்கம், பெங்களூரில் வளரும் என் பேத்தி கீபோர்டில் ஏதேதோ வாசிக்கிறாள். வாசிக்கட்டும். கீதமும் வர்ணமும் முதலில் நெஞ்சில் ஊறட்டும் என்பது மட்டுமே நான் கேட்பது. வேர் இருந்தால் கிளை எந்தப் பக்கமும் போகலாம்.

2011-ல் ஹஸாரிகா மறைந்தார். 2019-ல் பாரத ரத்னா அவரைத் தேடி வந்தது. அதைவிடப் பொருத்தமான மரியாதை ஒன்று 2017-லேயே நடந்துவிட்டது. அவர் பிறந்த ஸதியாவை இணைக்கும் 9.15 கிலோமீட்டர் நீளப் பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அடுத்த ஆண்டுவிழாவில் ஒவ்வொரு கிளையும் நம் கீர்த்தனை ஒன்றும், தாங்கள் வாழும் மண்ணின் பாட்டு ஒன்றும் பாட வேண்டும் என்பது என் விண்ணப்பம். அஸ்ஸாமியப் பாட்டுக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன்.