புரோக்கர், பதிவு பெற்ற முகவர்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரியல் எஸ்டேட் முகவராக லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். 2017-க்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் பேச்சு ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஒரு பைக், ஒரு செல்போன், டீக்கடையில் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். நம்ம பக்கம் விளைகளைக் கைமாற்றி விட்டவர்கள் எல்லாம் அப்படித்தான் தொழில் பண்ணினார்கள். அதில் நாணயமான மனுஷங்க நிறையப் பேர் உண்டு. ஆனால் பத்திரம் முடிந்து ஆறு மாசம் கழித்து வில்லங்கம் தலைகாட்டினால், "நான் இடத்தைக் காட்டினேன், வாங்கினது நீங்கதானே" என்று ஒதுங்கிக்கொள்ள யாருக்கும் வழி இருந்தது.

அந்த வழியை அடைக்க வந்ததுதான் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். ரெரா என்று சொல்கிறோமே, அது. 2017 மே மாதம் முழுமையாக அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் அதே ஜூனில் வந்தன. லைசென்ஸ் என்பது நம் பேச்சு வழக்கு. சட்டத்தில் அதற்குப் பெயர் 'பதிவு'.

பதிவு செய்வது பெரிய மலையில்லை, தம்பிகளா. தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் விண்ணப்பம் போடலாம். பான் கார்டு, போட்டோ, தொழில் நடத்தும் இடத்தின் முகவரிக்கு ஆதாரம், கூட்டாகத் தொழில் செய்தால் அதன் பத்திரம், இவைதான் முக்கியம். 2017 விதிகளின்படி தனி ஆளுக்குக் கட்டணம் 25,000 ரூபாய். போடும் முன்னால் அன்றைய கட்டணத்தை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு ஐந்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒரு எண் தருவார்கள். நீங்கள் முடிக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட்டாக வேண்டும்.

எல்லா விற்பனைக்கும் இந்தப் பதிவு வேண்டுமா? வேண்டாம். உங்க சித்தப்பா வீட்டை விற்றுக் கொடுத்தால் ரெரா வராது. ஒரு நிறுவனம் லே-அவுட் போட்டு மனை விற்கிறது, அடுக்குமாடி கட்டி விற்கிறது என்றால்தான் வரும். இடம் 500 சதுர மீட்டருக்கு மேலே போனாலோ, வீடுகள் எட்டுக்கு மேலே போனாலோ அந்தத் திட்டமே பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத திட்டத்து மனையை முகவர் விற்றுத்தரக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது விற்ற சொத்து மதிப்பில் ஐந்து சதவீதம் வரை போகலாம். கமிஷன் எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. அது நீங்களும் கட்சிக்காரரும் பேசிக்கொள்வது. எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் இல்லை.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. மகாராஷ்டிராவில் 2023 முதல் முகவர்களுக்குப் பயிற்சியும் பரீட்சையும் வைத்துவிட்டார்கள். 2017-ல் வந்த நம் விதிகளில் பரீட்சை கிடையாது. பணம் கட்டினால் எண் வந்துவிடும், பத்திரம் வாசிக்க வருமா என்று எவரும் கேட்கவில்லை. ஆகவே அந்தப் பரீட்சையை நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பி.காம். படித்தவனானாலும் சரி, தமிழ் இலக்கியம் படித்தவளானாலும் சரி, முதல் ஒரு வருஷம் சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் உட்காருங்கள். பத்திர எழுத்தர் ஒருவரிடம் பழைய பத்திரங்களை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'விளை', 'தேரி', 'நத்தம்', 'வாய்மொழிப் பாகம்' என்று வரும். 'வடக்கே இன்னார் பனை' என்று எல்லை போட்டிருப்பார்கள்; அந்தப் பனையும் இருக்காது, அந்த இன்னாரும் இருக்க மாட்டார். அதைச் சர்வே நம்பரோடும் புலப்படத்தோடும் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவன்தான் முகவர்.

பட்டா இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். வேலையில் அண்ணன் பெயருக்குப் பதில் தம்பி பெயர் ஏறிய பட்டாக்கள் இன்னும் நம்ம ஊர்களில் உண்டு. வில்லங்கச் சான்றைப் பதின்மூன்று வருஷத்துக்குப் போட்டுவிட்டுத் திருப்தியடைபவர்களைப் பார்க்கிறேன். நான் குறைந்தது முப்பது வருஷம் போடச் சொல்லுவேன். மூலப்பத்திரத்திலிருந்து கை மாறிய ஒவ்வொரு கையையும் எண்ணுங்கள். நடுவில் ஒரு கை காணவில்லை என்றால் அங்கே ஒரு அக்காளோ தங்கச்சியோ கையெழுத்துப் போடாமல் இருப்பாள். நம்ம பக்கத்து வழக்குகளில் பெரும்பாதி அவளுடையதுதான். கோயில் நிலம், வக்ஃபு நிலம் என்றால் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு குறுக்கே நிற்கும்.

இதையெல்லாம் இப்போது ஏன் அழுத்திச் சொல்லுதேன் என்றால், நம்ம மண்ணுக்கு ஒரு காலம் வந்திருக்கிறது. கருப்பட்டிக்கும் தசராவுக்கும் மட்டும் பேர்போன வட்டாரம். உடன்குடி அனல்மின் திட்டம் வந்தது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். இலங்கையைச் சுற்றி வளையாமல் நேர் தெற்கே கடல் மேலே சிறிய ராக்கெட்டை ஏவலாம் என்பதுதான் நம்ம கடற்கரைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை நோட்டீஸில் அச்சடித்து, 'ராக்கெட் நகர், தவணை முறையில் மனை' என்று விற்க ஆள் கிளம்பியாகிவிட்டது.

மும்பையில் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "அண்ணாச்சி, அஞ்சு சென்ட் பேசிட்டேன். அட்வான்ஸா பாதிப் பணம் கேக்காங்க." நான் மூன்று கேள்வி கேட்டேன். டி.டி.சி.பி. அங்கீகார எண் என்ன? ரெரா எண் என்ன? விற்கிறவரின் முகவர் எண் என்ன? மூன்றுக்கும், "எல்லாம் ப்ராசஸ்ல இருக்காம்" என்றார். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது என்று சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது என்றேன். அதை அவர் அங்கே சொன்னதும் அந்தப் பக்கம் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பத்து வருஷச் சேமிப்பு தப்பியது.

அங்கீகாரம் இல்லாத மனை வாங்கியவர்கள் பட்ட பாடு 2016-ல் ஊருக்கே தெரியும். அந்த செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதியத் தடை போட்டது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்த பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. அதுவும் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு என்று கெடு வைத்து.

இன்னொன்று. பனைகளை வெட்டித் தள்ளிவிட்டு லே-அவுட் போடுகிறார்கள். பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாகிவிட்டது. அனுமதிக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். மனை வரும், வீடு கட்ட அனுமதி வராது.

தூத்துக்குடியில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தபோது சிப்பியைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கா, வெறும் சதையா என்பது எடுத்தவன் தலையெழுத்து. அது சிப்பி வியாபாரம், தெரிந்தே ஆடிய ஆட்டம். மனையை அப்படி விற்பவனிடம் வாங்காதீர்கள். அப்படி விற்கவும் போகாதீர்கள். வாங்குபவர் முன்பணம் கொடுக்கும்போதே எல்லாத் தகவலும் தாள்களும் அவர் கைக்குக் கிடைக்கச் செய்வது முகவரின் கடமை என்று 10-வது பிரிவு சொல்கிறது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் அறையில் இருப்பேன். ஊரில் இடம் பேசி வைத்திருப்பவர்கள் சர்வே நம்பரோடு வாருங்கள். வில்லங்கம் எடுப்பது எப்படி, ரெரா தளத்தில் திட்டத்தையும் முகவரையும் தேடுவது எப்படி என்று செய்தே காட்டுகிறேன். தொழிலுக்கு வர நினைக்கும் மாணவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.