தோல் நோயும் நம் கடமையும்

(சண்டிலிப்பாயில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சோரியாசிஸ் என்னும் தோல் நோய். சித்த வைத்தியர் இதனைக் காளாஞ்சகப்படை என்பர். இது எவருக்கும் தொற்றாத நோய். ஆயினும் தொழுநோயென்று மயங்கி, நோயாளிக்குத் தனிப் பாயும் தனிக் கோப்பையும் ஒதுக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. கலியாணப் பேச்சுகளும் இதனாற் குழம்புவதுண்டு. மேனாட்டு வைத்தியருங்கூட நெடுங்காலம் இவ்விரு நோயையும் ஒன்றாகக் குழப்பினர். 1841 ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்து வைத்தியர் ஹெப்ரா இவை வெவ்வேறென்று தெளிவுபடுத்தினார்.

இனி, அடையாளங்களைப் பார்ப்போம். முழங்கை, முழங்கால், இடுப்பின் பின்புறம், தலை ஆகிய இடங்களில் தடித்த திட்டுகள் தோன்றும். அவற்றின் ஓரம் கோடிட்டாற்போலத் தெளிவாயிருக்கும். மேலே வெள்ளி நிறச் செதிள் படிந்து, சொறிந்தால் உதிரும். வெள்ளையர் தோலிற் சிவப்பாய்த் தெரியும் திட்டு, நம்மவர் தோலில் ஊதாவாகவோ கருங்கபில நிறமாகவோ இருக்கலாம். ஆகையாற் சிவப்பை மட்டுந் தேடி ஏமாறலாகாது. தலையில் வந்தாற் சொடுகென்று விட்டுவிடுவர். நகத்தில் ஊசியாற் குத்தினாற்போன்ற குழிகள் விழும். சிறுவருக்குத் தொண்டைநோ வந்து இரண்டு மூன்று கிழமையின்பின் மழைத்துளி போன்ற சிறு திட்டுகள் எழுவதுமுண்டு. காலையில் விரல் மூட்டுகள் வீங்கி நெடுநேரம் விறைத்திருந்தால் தாமதிக்க வேண்டாம். கவனியாதுவிடின் மூட்டுகள் நிரந்தரமாய்க் கெடும்.

தொழுநோய்த் திட்டோ வெளிறியோ சிவந்தோ இருக்கும். அவ்விடத்தில் உணர்ச்சி குன்றும். அந்நோயும் இன்று மருந்தால் முற்றாகக் குணமாவதே. படர்தாமரை வளையமாய்ப் படர்ந்து நடுவிலே தெளியும், அது தொற்றும்.

சோரியாசிஸ் வருவது அழுக்கினாலன்று, பாவத்தினாலுமன்று. உடலின் நோயெதிர்ப்புச் சக்தி நெறிதவறுவதால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து உதிரவேண்டிய மேற்றோல் சில நாட்களிலேயே பெருகிக் குவிகின்றது. பரம்பரையும் ஒரு காரணம். மதுவும் புகையும் மனக்கவலையும் இதனை மிகுவிக்கும். அடியோடு மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பூச்சு மருந்து, ஒளிச் சிகிச்சை, மாத்திரை, ஊசி ஆகியவற்றால் நன்கு அடக்கி வைக்கலாம். மருந்துக்கடையிற் கேட்டு வாங்கிய களிம்பைக் கண்டபடி பூசுவது கேடு. உடல் முழுவதும் சிவந்து உரிந்து குளிரெடுத்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

சீரணி நாகபூஷணி அம்பாள் எழுந்தருளிய நம் ஊரிலே, தோல் நோயை நாகதோஷமென்று கருதுவோரும் இருக்கக்கூடும். அவர்கள் நேர்த்தியை நிறைவேற்றட்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சென்று தோல் வைத்திய நிபுணரையும் காணட்டும்.

இளைஞர்களே, இந்நோயாளர் படும் புறக்கணிப்பை 2014 ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவையே எடுத்துரைத்தது. நமக்கோ இது புதிய பாடமன்று. தொழுநோயராயினும் சிவனன்பராயின் தாம் வணங்கும் கடவுளென்று பாடியவர் நம் அப்பர் சுவாமிகள். தொற்றாத நோயுடையவரை நாம் விலக்குவது எந்தச் சைவம்? அடுத்த அன்னதானப் பந்தியிலே அத்தகையோர் அருகில் முதலில் அமர்பவர் நம் சங்கத்து இளைஞராக இருக்கட்டும்.