கண் போனாலும் வீட்டுக்காரர் வீட்டுக்காரர்தான்

(கனகராயன்குளத்தில் நடந்த கண் நலக் கூட்டத்தில் பேசிய பேச்சு. தோட்டங்களில் உள்ள உறவினர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இங்கே வெளியிடுகிறோம்.)



கண் வருத்தங்களைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் பேச வந்தது வேறு விஷயம். பெண்சாதி பிள்ளைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிற மனுசனுக்குப் பாதியில் பார்வை போய்விட்டால், அதற்குப் பிறகு உள்ள இருபது முப்பது வருசத்தை அவர் எப்படிக் கழிப்பது? அந்த வீட்டில் அவருக்கு என்ன இடம்? அதைத்தான் கொஞ்ச நேரம் கதைக்கப் போகிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. 1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு லயத்தை விட்டு, கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வந்து இந்த வன்னிக் காட்டு மண்ணை வெட்டித் திருத்தியவர்கள். 1997 மே மாதம் ஜெயசிக்குறு தொடங்கினபோது இந்த ஏ9 வீதியோரத்து ஊர்களெல்லாம் திரும்பவும் மூட்டை கட்டின. 2009 வரைக்கும் ஷெல்லும் மிதிவெடியும் எத்தனை பேருடைய கண்ணைக் கொண்டுபோனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலையிலே வேறு மாதிரி. கவ்வாத்து வெட்டும்போது சிராய் தெறிக்கும், சீனி வருத்தம் சத்தமில்லாமல் கண்ணைத் தின்னும், வயதானவர்களுக்கு வெள்ளை படரும். காரணம் எதுவாக இருந்தாலும் கடைசியில் வீட்டுக்குள் நடக்கிறது ஒன்றுதான். இஸ்தோப்பில் ஒரு மூலை, ஒரு பாய், ஒரு தேத்தண்ணிக் கோப்பை. "நீங்க சும்மா இருங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். அந்த அன்பிலேயே மனுசன் பாதி செத்துப்போகிறான்.

தொழிலாளர்களுக்குச் சொந்தமான ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். திரு.வி.க. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரனார். 1883-ல் செங்கற்பட்டுப் பக்கத்தில் துள்ளம் என்ற கிராமத்தில் பிறந்தவர். சென்னையில் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் நம்முடைய பருத்தித்துறைப் பக்கம் புலோலியைச் சேர்ந்த கதிரைவேற்பிள்ளை. அந்த ஆசிரியர்மேல் வழக்கு வந்தபோது அவருக்காகச் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனதால் திரு.வி.க. பரீட்சை எழுதவில்லை. படிப்பு அதோடு நின்றது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்வார்களா தெரியாது.

1918 ஏப்ரலில் சென்னையில் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் உண்டாயிற்று. சென்னைத் தொழிலாளர் சங்கம். இந்தியாவிலே ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி. பி. வாடியா தலைவர், திரு.வி.க. உபதலைவர். அந்த நேரத்தில் அவர் 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியர். பிற்பாடு இலங்கையில் தோட்டத் தொழிலாளருக்காகக் கோ. நடேசய்யர் நடத்திய பத்திரிகைக்கும் அதே 'தேசபக்தன்' என்றுதான் பெயர். நடேசய்யர் 1931-ல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டினார். ஆலைக்காரருடைய சங்கமும் கொழுந்து பறிக்கிறவர்களுடைய சங்கமும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

திரு.வி.க.வுக்கு 1912-ல் கலியாணம். மனைவி பெயர் கமலாம்பிகை. இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. 1918-ல் மனைவியும் காலமானார். சங்கம் பிறந்த அதே வருசம் வீட்டிலே சாவு. மறுமணம் செய்யவில்லை. பெண்களை வீட்டுக்குள்ளே பூட்டி வைத்திருந்த காலத்தில் 'பெண்ணின் பெருமை' என்று புத்தகம் எழுதினார். 1947-ல் ஆலை வேலைநிறுத்தம் நடந்தபோது அறுபதைத் தாண்டிய அந்த மனுசனை வீட்டுக் காவலில் வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கண் போனது. வாழ்நாள் முழுக்க வாசித்தும் எழுதியும் பிழைத்தவருக்கு எழுத்து தெரியவில்லை. உடம்பும் படுக்கையில் விழுந்தது. வேறு ஆளாக இருந்தால் "போதும், நான் செய்ததெல்லாம் செய்தாச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். அவர் என்ன செய்தார் தெரியுமா? வாயால் சொன்னார், பக்கத்தில் இருந்தவர்கள் எழுதினார்கள். 1950-ல் வந்தது 'இருளில் ஒளி'. அடுத்த வருசம் வந்த ஒரு புத்தகத்துக்கு 'முதுமை உளறல்' என்று பெயர். 1953-ல், அவர் இறந்த வருசம் வந்ததற்கு இன்னொரு பெயர் 'படுக்கைப் பிதற்றல்'.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிழவர் உளறுகிறார், படுக்கையில் கிடந்து பிதற்றுகிறார் என்று வீடுகளில் நாம் சொல்கிற பேச்சை அவரே முந்திக்கொண்டு தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்துவிட்டார். "சொல்லுங்கடா, நீங்கள் சொல்லப்போறது இதுதானே" என்று சிரிக்கிற மாதிரி இருக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். கடைசிக் காலத்தில் அவர் செய்தது செய்யுள். என் யோசனை என்னவென்றால், கண்ணில்லாத ஆளுக்கு வசனத்தைவிடச் செய்யுள் மனதில் நிற்கும். ஓசை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எழுதுகிறவர் வரும்வரைக்கும் வாய்க்குள்ளே வைத்திருக்கலாம். நம்முடைய தாய்மார் எழுதப் படிக்கத் தெரியாமலே நூறு பாட்டு வைத்திருக்கிறார்களே, அதே கணக்குத்தான்.

நீங்கள் கேட்கலாம்: "அவர் பெரிய மனுசர். எழுதிக்கொடுக்க ஆள் இருந்தது. எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" நியாயமான கேள்வி. அவருக்கு வீட்டில் பிள்ளையும் இல்லை, பெண்சாதியும் இல்லை. சுற்றி இருந்தவர்கள் கண்ணாக நின்றார்கள். நமக்குப் பிள்ளை இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பின்னேரம் அரைமணி நேரம் தாத்தாவுக்குப் பத்திரிகை வாசித்தால் பிள்ளைக்கு வாசிப்பு வரும், தாத்தாவுக்கு உலகம் வரும். இதற்குக் காசு தேவையில்லை.

குடும்பஸ்தர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர், ஹென்றி பாசெட் என்று பெயர். இங்கிலாந்தில் சோல்ஸ்பரி என்கிற சின்னப் பட்டணத்துக்காரர். 1858-ல், 25 வயதில், தகப்பனோடு வேட்டைக்குப் போனார். தகப்பன் சுட்ட குண்டுச் சிதறல் மகனுடைய இரண்டு கண்ணிலும் பட்டது. அந்தத் தகப்பன் மனது எப்படி இருந்திருக்கும்! மகனோ, தன் வாழ்க்கையில் எதையும் மாற்றுவதில்லை என்று அப்போதே தீர்மானித்தாராம். பிறகு கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஆனார், பாராளுமன்றத்துக்குப் போனார். 1867-ல் கலியாணம் முடித்தார். மனைவி மில்லிசென்ட் அவருக்கு வாசித்தும் எழுதியும் கொடுத்தார். பிற்காலத்தில் இங்கிலாந்துப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய அம்மா அவர்தான். கண் தெரியாமலே அந்த மனுசன் மீன் பிடித்தார், குதிரை ஏறினார், உறைந்த பனிக்கட்டிமேல் சறுக்கி விளையாடினார். அவருடைய மகள் பிலிப்பா 1890-ல் கேம்பிரிட்ஜ் கணக்குப் பரீட்சையில் ஆண்கள் எல்லோரையும் தாண்டி மேலே வந்தார். அதைக் கேட்கத் தகப்பன் உயிரோடு இல்லை. 1884-லேயே காலமாகிவிட்டார்.

அவரை 1880-ல் தபால் மா அதிபராகப் போட்டார்கள். கண் தெரியாத ஆள் ஒரு தேசத்துத் தபாலை நடத்தினார்! பார்சல் தபால் 1883-ல் அவர் காலத்தில்தான் அங்கே தொடங்கியது. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. கூலி வாங்குகிற ஏழைகளுக்கு ஒரேயடியாக ஒரு ஷில்லிங் சேமிக்க வழியில்லை. ஒரு பென்னி முத்திரையாக வாங்கி ஒரு தாளில் ஒட்டிக்கொண்டே வா, பன்னிரண்டு சேர்ந்ததும் தபால் கந்தோரில் கணக்குப் போட்டுத் தருகிறோம் என்று ஒழுங்கு செய்தார். ஏழையின் கையில் காசு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று யோசித்திருக்கிறார்.

காசு என்றதும் நம் வீட்டுக்கு வருவோம். நான் பார்த்த வீடுகளில் பார்வை போனவரிடமிருந்து முதலில் பறிபோவது காசுதான். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. "அப்பாவுக்கு நோட்டுத் தெரியாதே" என்று மகன் வாங்கி வைத்துக்கொள்வான். பிறகு வெற்றிலைக்குக்கூட அவர் மகனிடம் கேட்க வேண்டும். அடுத்தது காணி உறுதி, அதுக்கடுத்தது மகள் கலியாணப் பேச்சு. எல்லாம் அவருக்குப் பக்கத்தில் வைத்தே நடக்கும், அவரிடம் கேட்காமல் நடக்கும். வீட்டுக்கு வருகிறவர்களும் அப்படித்தான். அவர் முன்னாலேயே அவர் பெண்சாதியிடம் "அண்ணனுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதா?" என்று கேட்பார்கள். போனது கண், காது இருக்கிறதே! அவரையே கேளுங்கள்.

நோட்டைத் தடவிப் பழகலாம். 2010-ம் ஆண்டு வரிசையில் வந்த நம் ரூபா நோட்டுகளில் மதிப்பு கூடக் கூட நீளமும் கூடும். கண் தெரியாதவர்களுக்காக ஓரத்தில் தடவினால் தெரிகிற புள்ளிகளும் வைத்திருக்கிறார்கள். பழைய கசங்கல் நோட்டில் புள்ளி தேய்ந்திருக்கும், அதற்கு நீளத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் யாராவது இரண்டு கிழமை அவரோடு உட்கார்ந்து பழக்கிவிட்டால் கடைக்காரன் ஏமாற்ற முடியாது. நூறு ரூபாவை ஒரு மடிப்பு, ஐந்நூறை இரண்டு மடிப்பு, ஆயிரத்தை மடிக்காமல் என்று வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

வீட்டுக்குள்ளே சாமான் இருக்கிற இடத்தை மாற்றாதீர்கள். கதவைப் பாதி திறந்து வைக்காதீர்கள், முழுக்கத் திறவுங்கள் அல்லது சாத்துங்கள். பாதிக் கதவு நெற்றியைத்தான் பார்க்கும். கூட்டிக்கொண்டு போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு அடி முன்னால் நீங்கள் நடவுங்கள். மேடு பள்ளம் உங்கள் உடம்பு அசைவிலேயே அவருக்குத் தெரியும். சோறு வைத்தால் பருப்பு எந்தப் பக்கம், மிளகாய் எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அறையை விட்டுப் போகும்போது "போய்ட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் மனுசன் வெறும் சுவரோடு கதைத்துக்கொண்டிருப்பார். அந்த வெட்கம் பெரிய வெட்கம்.

வன்னியில் எனக்குப் பெரிய பயம் கிணறு. கட்டு இல்லாத கிணறு இன்னும் எத்தனை வளவில் இருக்கிறது! முதல் வேலை அதுக்குக் கட்டு. பிறகு வீட்டு வாசலிலிருந்து கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். தேங்காய் நார்க் கயிறு போதும். ராத்திரியில் வெளியே போக ஒரு ஆளை எழுப்ப வேண்டியிருக்கிறதே என்பதற்காகப் பின்னேரத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற ஆட்கள் உண்டு. கயிறு இருந்தால் அந்தக் கஷ்டம் இல்லை. மலையில் லயத்துப் படிக்கட்டுக்கும் இதே கயிறு உதவும்.

வீதியில் போக வெள்ளைப் பொல்லு. அதுவும் பார்வை இழந்த ஒருவர் யோசித்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டலில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற படப்பிடிப்பாளர், விபத்தில் பார்வை போனவர், வாகனக்காரருக்குத் தெரியட்டும் என்று 1921-ல் தன் பொல்லுக்கு வெள்ளை அடித்தார். நம் ஆட்கள் அதைப் பிடிக்க வெட்கப்படுகிறார்கள். ஏ9-ல் பஸ் போகிற வேகத்துக்கு வெட்கம் கட்டாது.

வேலையும் கொடுங்கள். தேங்காய் உரிக்கக் கண் வேண்டாம், கை போதும். கயிறு திரிக்கலாம், கதிரை பின்னலாம், நிலக்கடலை உடைக்கலாம், பேரப்பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்கலாம். எந்த வேலையானாலும் அதில் வருகிற காசு அவர் கைக்கே போகட்டும்.

கண் மங்கலாக இருக்கிறவர்கள் தாமதிக்காதீர்கள். வெள்ளை படர்ந்தது என்றால் பெரும்பாலும் சத்திரசிகிச்சையில் பார்வை திரும்பும். கண்ணுக்குள்ளே செயற்கை வில்லை வைக்கிறதை 1949-ல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற டொக்டர் தொடங்கி வைத்தார். இன்றைக்கு அது சாதாரண விஷயம். ஆனால் கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். சீனி வருத்தக்காரர் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருசத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும். சிராய் பட்ட கண்ணில் தாய்ப்பாலும் இலைச்சாறும் விடுகிற வேலை வேண்டாம். சுண்ணாம்பு பட்டால் உடனே நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் பெயர் பதிகிறார்கள். வீட்டில் கண் தெரியாதவர் இருந்தால் நீங்கள் மட்டும் வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். தூரம் இல்லை, ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நாங்கள் இருட்டும்வரை இருப்போம். பெயரையும் வயதையும் அவரே சொல்லட்டும்.