அணுக்கழிவும் களிமண்ணின் குணமும்



செம்பனைக்கு உரம் போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். பொட்டாஷ் உரம் உப்பைப் போலத் தண்ணீரில் கரைந்துவிடும். ஆனாலும் நமது நிபோங் திபால் பக்கத்துக் களிமண்ணில் போட்ட உரம் ஒரே மழையில் ஓடிவிடுவதில்லை. மணற்பாங்கான நிலத்தில் போட்டதுதான் விரைவில் கழுவிக்கொண்டு போகிறது. கரைந்துபோன ஒன்றைக் களிமண் எப்படிப் பிடித்து வைக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வழியில்தான் அணு உலைக் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் முறையும் பிறந்தது.

பால் வடிகட்டும் சல்லடை குப்பையை நிறுத்தும். பாலில் கரைந்திருப்பதை நிறுத்தாது. களிமண்ணின் வேலை வேறு வகை. 1850ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாம்சன், வே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதை வெளியிட்டார்கள். அமோனியா உப்பு கரைந்த நீரை மண்ணின் வழியே வடிய விட்டபோது, அமோனியா மண்ணில் தங்கியது. அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்து நீரில் வெளியே வந்தது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுக்கும் பண்டமாற்று இது. உப்பு கரையும்போது மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிகிறது. அவற்றுக்கு அயனிகள் என்று பெயர். ஆகவே இந்தப் பண்டமாற்றை அயனிப் பரிமாற்றம் என்கிறோம்.

இனி அணு உலைக்கு வருவோம். உலையில் யுரேனியம் அணு பிளக்கும்போது சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90 போன்ற கதிரியக்கப் பொருள்கள் உண்டாகின்றன. சீசியம் பொட்டாசியத்தின் உறவு. ஸ்ட்ரான்ஷியம் சுண்ணாம்புச் சத்தான கால்சியத்தின் உறவு. ஆபத்தே இந்த உறவில்தான் இருக்கிறது. நமது உடல் ஆளை அறியாமல் சீசியத்தைத் தசையிலும் ஸ்ட்ரான்ஷியத்தை எலும்பிலும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அவற்றைப் பிடிப்பதற்குக் கைகொடுப்பதும் அதே உறவுதான். பொட்டாசியத்தைப் பிடிக்கும் பொருள்களுள் சில, சீசியத்தை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கின்றன.

இந்தியாவின் முதல் அணு மின்நிலையம் 1969இல் தாராப்பூரில் இயங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் முதல் உலை 1983இல் உயிர் பெற்றது. தாராப்பூரில் கழிவு நீரிலிருந்து சீசியத்தைப் பிரிக்க, ரிசார்சினால் ஃபார்மால்டிஹைடு என்னும் செயற்கைப் பிசினைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கழிவில் சோடியம் மிக ஏராளம். சீசியமோ மிகச் சொற்பம். திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஒருவனை அடையாளம் கண்டு கையைப் பிடிப்பது போன்ற வேலை அது. பிசின் நிறைந்ததும் நைட்ரிக் அமிலத்தால் கழுவினால் சீசியம் கழன்று வந்துவிடும். பிசினைத் திரும்பவும் பயன்படுத்தலாம். ஸ்ட்ரான்ஷியத்தைப் பிடிக்க வேறு வகைப் பிசின் உண்டு. பிரித்தெடுத்ததைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலங்களில் அடைத்துக் காவலில் வைக்கிறார்கள்.

விபத்துக் காலத்திலும் இம்முறை உதவியது. அமெரிக்காவின் திரீ மைல் தீவில் 1979இல் உலை பழுதானபோது, கட்டடத்தின் அடித்தளத்தில் 20 இலட்சம் லிட்டருக்கு மேல் நஞ்சு நீர் தேங்கியது. 1981 முதல் அதை ஜியோலைட் என்னும் கனிமத்தின் வழியே செலுத்தித் தெளிய வைத்தார்கள். ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011இல் விபத்து நேர்ந்தபோதும் முதலில் கைகொடுத்தவற்றுள் ஜியோலைட் ஒன்று. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் தண்ணீராகவே கலந்திருப்பதால், எந்தப் பிசினும் அதைப் பிடிக்க முடியாது.

நேயர்களே, முக்கியமான செய்தி இனிமேல்தான். இப்படிப் பிரிப்பதால் கதிரியக்கம் அழிவதில்லை. குளத்தளவு நீரில் பரவியிருந்த நஞ்சு குடத்தளவுக்குள் சேர்கிறது, அவ்வளவுதான். சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் அந்தக் குடத்துக்குக் காவல் வேண்டும்.

காவல் என்றால் என்ன என்பதை நமது நாடும் கண்டிருக்கிறது. நம் பக்கத்தில் ஏரி உள்ள புக்கிட் மேராவைச் சொல்லவில்லை. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவைச் சொல்கிறேன். ஈயம் எடுத்தபின் மிஞ்சும் அமாங் மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. 1982இல் அங்கே ஓர் ஆலை மோனசைட்டிலிருந்து அருமண் உலோகங்களை எடுக்கத் தொடங்கியது. மிஞ்சிய கழிவில் தோரியம் இருந்தது. தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்! கழிவை எங்கே வைப்பது என்பதே பெரும் வழக்காயிற்று. 1984இல் பாபான் ஊர் மக்கள் தங்கள் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று எதிர்த்தார்கள். 1985இல் புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993இல் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994இல் ஆலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது. கழிவு பின்னர் கிளேடாங் மலைப்பகுதியில் காப்பிடம் கட்டிப் புதைக்கப்பட்டது.

ஆகவே, ஓர் ஊரில் இத்தகைய தொழில் வருமானால், “கழிவைப் பிரித்து விடுவோம்” என்ற பதிலோடு நாம் திருப்தி அடைந்துவிடக் கூடாது. பிரித்ததை எதில் அடைப்பீர்கள்? எங்கே வைப்பீர்கள்? எத்தனை தலைமுறை யார் காப்பார்கள்? இந்த மூன்றையும் கேட்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் வருகிற பதில் சரியா என்று பார்க்க வேதியியல் தெரிந்தவர்கள் நம்மிடையே வேண்டும். பிள்ளைகள் மண்ணையும் உரத்தையும் பற்றிக் கேள்வி கேட்டால், தட்டிக் கழிக்காதீர்கள். அந்த அறிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.