கல்லைச் சுமந்தவன் எங்கே?

(சீர்காழியில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

அமெரிக்கப் பூர்வகுடிகளின் கட்டடக் கலை பற்றிப் பேசச் சொன்னீர்கள். "சீர்காழியில உக்காந்துகிட்டு மெக்சிகோ, பெருவைப் பத்தி நமக்கென்ன?" என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் நாகப்பட்டினத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் அங்கே சூடாமணி விகாரம் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் கிராமம் தானமாகப் போனது. அந்த ஊரில் பவுத்தத்தின் மிச்சமாக ஒரு செங்கல் கோபுரம் 1867 வரை நின்றது. இயேசு சபைப் பாதிரிமார் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி அதை இடித்தார்கள். 1856 முதல் அந்த மண்ணில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சுமார் 350.

இப்போ மெக்சிகோவுக்குப் போவோம். 1521-ல் ஸ்பானியர் தெனோச்தித்லான் நகரைப் பிடித்தார்கள். பெரிய கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே தேவாலயம் எழுப்பினார்கள். 1562-ல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரி மாயா மக்களின் ஏடுகளைக் கொளுத்தினார். இன்று மிஞ்சியவை நாலே நாலு. ஆனால் மண் மறக்கவில்லை. 1978-ல் மெக்சிகோ நகரில் மின்சாரத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டினார்கள். மூன்று மீட்டருக்கு மேல் அகலமான வட்டக்கல், கொயோல்சவுகி என்ற தெய்வத்தின் உருவத்தோடு, மேலே வந்தது. கண்டுபிடித்தவன் பேராசிரியன் இல்லை, மண்வெட்டி பிடித்தவன்!

பெருவில் குஸ்கோ நகரம். இன்கா கோயில் சுவர் மேலேயே ஸ்பானியர் மடம் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடம் சரிந்தது. சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய அடிச்சுவர் நின்றது. இரும்பு உளி இல்லை, வண்டிச் சக்கரம் இல்லை, இழுக்க மாடு இல்லை. எல்லாம் மனுசத் தோள்.

இங்கேதான் நாம நிதானிக்கணும். சுவரைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனால் நாமும் அரசன் புகழ் பாடுகிறவர்கள்தான். இன்கா அரசும் மித்தா என்ற பெயரில் குடிகளிடம் கட்டாய உழைப்பு வாங்கியது. நம்ம தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டைப் படியுங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத நிலங்களைச் சொல்லும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு என்ற வரிசையில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. அரசன் பெயர் கல்லில் இருக்கு. நம்ம பெயர் இல்லை, நம்மைத் தள்ளி வைத்த இடத்தின் பெயர் மட்டும் இருக்கு.

அப்போ நம்ம வரலாறு எங்கே? 1898-ல் சென்னையில் சாக்கிய பவுத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், அதை பவுத்தத்தில் தேடினார். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்ட சிலை புத்தர்தான் என்று தொல்லியல் துறை சொல்ல, 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. இதோ பக்கத்தில் பூம்புகார். பல்லவனீச்சரத்தில் செங்கல் விகாரமும் புத்தர் பாதம் செதுக்கிய கல்லும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கோம்?

மாணவத் தோழர்களே, அடுத்த ஞாயிறு போங்க. கூடவே உங்க சேரியில், வாய்க்கால் கரையில் கிடக்கிற பழங்கல்லையும் பாருங்க. படம் எடுங்க, பெரியவர்களிடம் கதை கேளுங்க, எழுதி வையுங்க. இடிக்கிறவன் எப்போதும் நமக்கு முன்னால் வந்துவிடுகிறான். இந்த முறையாவது நாம் முந்துவோம்.